மாயாவிக்கு மின்வெட்டு வந்தால்?



பரீட்சை முடிந்து நாலு பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் என்ன பேச்சு வரும்? "இரும்புக்கை மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் சண்டை வந்தா யாருடா ஜெயிப்பா?" உடனே ஆளுக்கொரு கட்சி. கடைசியில் யார் சத்தமாகக் கத்துகிறார்களோ அவர் கட்சிதான் ஜெயிக்கும்!

இன்றைக்கு அப்படி வேண்டாம். சண்டைக்கு ஒரு நடுவரை வைத்துக்கொள்வோம். நடுவர் பெயர் அறிவியல். லஞ்சம் வாங்க மாட்டார், கத்தினாலும் பயப்பட மாட்டார்.

சண்டை நடக்கும் இடம்? நம்ம கோபிசெட்டிபாளையம்தான்! பச்சைப் பசேல் வயல்கள், கொடிவேரி அணை, பவானி ஆறு என்று இங்கே எத்தனையோ சினிமா படப்பிடிப்புகள் நடந்திருக்கின்றன. சினிமா ஹீரோக்கள் சண்டை போட்ட ஊரில் காமிக்ஸ் ஹீரோக்களும் ஒரு கை பார்க்கட்டுமே! ரெடியா?

முதல் ஆள்: இரும்புக்கை மாயாவி

உங்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரியும்! 1972-ல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கியபோது, முதல் இதழின் நாயகனே இவர்தான்.

இவருடைய சொந்த ஊர் இங்கிலாந்து. 1962-ல் 'வேலியண்ட்' என்ற ஆங்கில வார இதழில் பிறந்தார். எழுதியவர் கென் பல்மர். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கதையில் இவருடைய பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூட உதவியாளர். ஒரு விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். இன்னொரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய்கிறது. அவ்வளவுதான், ஆள் மறைந்துவிடுகிறார்!

ஆனால் மாயாவியின் சக்திக்கு நாலு நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, மின்சாரம் பாய்ந்தால்தான் மறைய முடியும்.

இரண்டு, உடம்பு முழுவதும் மறைந்தாலும் எஃகுக் கை மறையாது.

மூன்று, கொஞ்ச நேரம்தான். பிறகு உருவம் தானாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

நாலு, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவர் அங்கேதான் இருக்கிறார். சுவரில் மோதினால் வலிக்கும். கதவு பூட்டியிருந்தால் உள்ளே போக முடியாது.

இதில் இரண்டாவது நிபந்தனையை யோசித்துப் பாருங்கள். போட்டிருக்கும் சட்டை மறைகிறது. எஃகு மட்டும் மறைய மாட்டேன் என்கிறது. ஏன்? அறிவியல் நடுவர் இதற்குக் காரணம் கேட்டால் பதில் இல்லை. ஆனால் ஓவியரைக் கேட்டால் பதில் உண்டு. ஆளே தெரியாவிட்டால் அவர் கட்டத்துக்குள் எதை வரைவார்? நாம் எதைப் பார்ப்போம்? அந்தரத்தில் மிதந்து வரும் ஒற்றைக் கை! அதைப் பார்த்துத்தானே வில்லன்களுக்கு நடுக்கம் எடுத்தது!

சரி, இப்போது வில்லனுக்கு நாம் கொஞ்சம் ஐடியா கொடுப்போம். மாயாவியை எப்படித் தோற்கடிக்கலாம்?

கோபி வயலில் நாற்று நட்டிருக்கிற சேற்றில் அவரை ஓட வைக்கலாம். ஆள் தெரியாது, ஆனால் சேற்றில் 'பொதக் பொதக்' என்று கால் தடம் விழுமே! ஒரு கூடை தவிட்டை அள்ளி வீசலாம். தவிடு ஒட்டிய ஆள் உருவம் அப்படியே தெரியும். கொடிவேரி அணையில் கொட்டும் தண்ணீரில் அவர் புகுந்தால், தண்ணீர் விலகி ஓடும் இடத்தில் ஒரு மனித வடிவம் தெரியும். எல்லாவற்றையும்விட எளிய வழி, மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது! 2012-ல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அப்போது மாயாவி இங்கே வந்திருந்தால் பாவம், துப்பறியக் கிளம்புவதற்கு முன் எத்தனை மணிக்குக் கரண்ட் வரும் என்று விசாரித்திருக்க வேண்டும்!

நடுவர் இன்னும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார். நாம் எப்படிப் பார்க்கிறோம்? வெளிச்சம் கண்ணுக்குள் போய், பின்னால் இருக்கும் விழித்திரையில் படுகிறது. விழித்திரை அந்த வெளிச்சத்தைப் பிடித்து நிறுத்தி மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. முழுசாக மறைந்த ஆளின் கண்ணும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதே! வெளிச்சம் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும். அப்புறம் எதை வைத்துப் பார்ப்பது? ஆகவே, யார் கண்ணுக்கும் தெரியாத மனிதருக்கு யாரும் தெரிய மாட்டார்கள். மாயாவி சரியான கணக்குப்படி மறைந்தால், தட்டுத் தடுமாறித்தான் நடக்க வேண்டும்!

மாயாவிக்கும் முன்பே, 1897-ல் எச்.ஜி.வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அவர் ரொம்பக் கறார். உடம்பு மறையும், ஆனால் சட்டை மறையாது. குளிரில் வெறும் உடம்போடு திரிய வேண்டும். சாப்பிட்ட உணவு செரிக்கும் வரை வெளியே தெரியும். மழை பெய்தாலும் சேறு ஒட்டினாலும் மாட்டிக்கொள்வான். சக்தி கிடைத்தவனுக்கு எத்தனை தொல்லை பாருங்கள்! அதனால்தான் அந்தக் கதை இன்றும் சுவையாக இருக்கிறது.

பச்சைக் கல் எதற்கு?

அடுத்து சூப்பர்மேன். 1938-ல் முதன்முதலில் வந்தபோது அவருக்குப் பறக்கத் தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா? தாவ மட்டும்தான் தெரியும். ஒரு தாவலுக்குச் சுமார் 200 மீட்டர்! பிறகுதான் பறக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து அனல், உலகத்தையே நகர்த்தும் பலம் என்று சக்தி ஏறிக்கொண்டே போனது.

அப்போதுதான் ஒரு சிக்கல். எதுவுமே அவரை அசைக்க முடியாது என்றால் சண்டையில் என்ன பரபரப்பு இருக்கும்? முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுமே! அதனால் அவருக்கு ஒரு பலவீனம் தேவைப்பட்டது. 1943-ல் ரேடியோ நாடகத்தில் 'கிரிப்டோனைட்' என்ற கல் வந்து சேர்ந்தது. அது பக்கத்தில் இருந்தால் சூப்பர்மேன் சுருண்டு விழுவார். பிறகு காமிக்ஸிலும் அந்தக் கல் நுழைந்தது.

கபடியில் கோடு இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். யார் அவுட் என்றே தெரியாது. கோடு இருப்பதால்தான் விளையாட்டு. காமிக்ஸ் சண்டையும் அப்படித்தான். சக்திக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும். கதை முடியும் வரை அந்தக் கோட்டை எழுத்தாளர் அழிக்கவும் கூடாது.

சரி, இனி இயற்கை போட்டு வைத்திருக்கும் கோடுகளைப் பார்ப்போம். நம் ஹீரோவுக்குப் பெயர் 'பலே பாண்டி' என்று வைத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. ஆனால் எதையும் தூக்குவார்!

காட்சி 1: லாரியைத் தூக்குகிறார்

வயல் நடுவே பாண்டி. நெல் மூட்டை ஏற்றிய 10 டன் லாரியைத் தலைக்கு மேல் தூக்குகிறார். கைதட்டலாமா? பொறுங்கள்.

10 டன் என்றால் 10,000 கிலோ. அவ்வளவும் பாண்டியின் இரண்டு பாதங்கள் வழியாகத்தான் தரையில் இறங்க வேண்டும். இரண்டு பாதங்களும் சேர்ந்து சுமார் 400 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 25 கிலோ!

சத்தியமங்கலம் காட்டில் திரியும் யானையோடு ஒப்பிடுவோம். 4,000 கிலோ எடையுள்ள யானைக்கு நாலு பெரிய பாதங்கள். ஒவ்வொன்றும் சுமார் 1,000 சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரே ஒரு கிலோ. யானையைவிட 25 மடங்கு அழுத்தத்தோடு பாண்டி சேற்று வயலில் நின்றால் என்ன ஆகும்? 'சரக்'கென்று உள்ளே இறங்கிவிடுவார். வெளியே லாரி மட்டும்தான் தெரியும்!

ஒரு விரலில் தூக்குகிறேன் என்றால் இன்னும் மோசம். விரல் நுனி சுமார் 2 சதுர சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 5,000 கிலோ! ஊசி துணியில் ஏறுவதுபோல விரல் லாரியின் தகரத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடும். லாரி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆக, பாண்டிக்குப் பலம் மட்டும் போதாது. கெட்டியான பாறையும் வேண்டும். எங்கே பிடிப்பது என்ற அறிவும் வேண்டும்.

காட்சி 2: பரிசலில் ஒரு குத்து

பவானி ஆறு. பரிசலில் நின்றபடி பாண்டி தன்னைப் போலவே 60 கிலோ எடையுள்ள வில்லனை ஒரு குத்து விடுகிறார். வில்லன் கரை வரை பறக்கிறான். பாண்டி அசையாமல் சிரிக்கிறார்.

நடுவர் விசில் ஊதிவிட்டார்! ஃபவுல்!

பரிசலிலிருந்து கரைக்குத் தாவியிருக்கிறீர்களா? நீங்கள் முன்னால் போகும்போது பரிசல் பின்னால் நகரும். நியூட்டனின் மூன்றாம் விதி இதைத்தான் சொல்கிறது. நீங்கள் எதைத் தள்ளினாலும் அதே அளவுக்கு அது உங்களைத் தள்ளும். வில்லன் முன்னால் பறந்தால், பாண்டியும் பரிசலும் சேர்ந்து பின்னால் போக வேண்டும்.

தரையில் நின்று குத்தினால் காலை ஊன்றிக்கொள்ளலாம். அந்தத் தள்ளலைப் பூமி வாங்கிக்கொள்ளும். அதனால்தான் சிலம்பம் சுற்றுபவர்களுக்கு முதலில் கால் வைக்கும் முறையைச் சொல்லித் தருகிறார்கள். வானத்தில் பறந்தபடி குத்தும் ஹீரோவுக்கு ஊன்ற என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை! இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் பறந்துபோவார்கள். சண்டை அதோடு முடிந்தது.

காட்சி 3: மின்னல் வேகம்

பாண்டி இப்போது விநாடிக்கு 300 மீட்டர் ஓடுகிறார். கோபியிலிருந்து ஈரோட்டுக்குச் சுமார் இரண்டே நிமிடம்! ஆனால் நடுவில் ஒரு மாடு குறுக்கே வந்தால்?

கண்ணால் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் நிற்க நமக்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதற்குள் பாண்டி 60 மீட்டர் போயிருப்பார். மாட்டைப் பார்க்கும்போதே மாட்டைத் தாண்டியிருப்பார், அல்லது முட்டியிருப்பார். ஆகவே வேகமான காலோடு வேகமான மூளையும் வேண்டும்.

சாப்பாடும் வேண்டும். 60 கிலோ ஆள் அந்த வேகத்தை எட்டச் சுமார் 645 கிலோ கலோரி ஆற்றல் தேவை. ஓர் இட்லிக்கு 50 என்று வைத்தால் 13 இட்லி. ஆனால் நம் தசை, சாப்பிட்டதில் கால் பங்கைத்தான் ஓட்டமாக மாற்றும். மீதி சூடாகப் போய்விடும். ஆக, 52 இட்லி! அதுவும் ஒரு தடவை நின்று மறுபடி கிளம்பும் ஒவ்வொரு முறையும்! பாண்டியின் அம்மா பாவம், விடிய விடிய மாவாட்ட வேண்டியதுதான்.

காட்சி 4: ராட்சசன் வருகிறான்

வில்லன் ஒரு மருந்தைக் குடித்துப் பத்து மடங்கு உயரமாகிவிட்டான். பாண்டி என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் போதும்!

தாயம் விளையாடும் கனசதுரப் பகடைகள் எட்டை எடுத்து அடுக்கி, ஒரு பெரிய பகடை செய்யுங்கள். உயரம் இரண்டு மடங்கு. தரையில் படும் பரப்பு நாலு மடங்கு. எடையோ எட்டு மடங்கு! எலும்பின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. எனவே, பத்து மடங்கு வளர்ந்தவனின் கால் எலும்பு 100 மடங்கு பலமாகும். எடையோ 1,000 மடங்கு கூடும். முதல் அடி வைக்கும்போதே கால் எலும்பு 'மடக்'!

இதை 1926-ல் ஒரு கட்டுரையில் அழகாக விளக்கியவர் ஜே.பி.எஸ்.ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. இவர் 1957-ல் இந்தியாவுக்கே வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார்.

காட்சி 5: விழுபவரைப் பிடிக்கிறார்

20 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு சிறுமி விழுகிறாள். தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது பாண்டி 'டக்'கென்று பிடித்துவிடுகிறார். தப்பித்தாளா?

சுட்டீஸ், ஆபத்து விழுவதில் இல்லை. சட்டென்று நிற்பதில்தான் இருக்கிறது. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 2 சென்டிமீட்டரில் நிறுத்தினால், அவளுடைய எடையைப்போல ஏறக்குறைய 1,000 மடங்கு விசை அவள் மேல் விழும். இரும்புக் கையில் விழுவதும் சிமெண்ட் தரையில் விழுவதும் ஒன்றுதான்! அதையே 2 மீட்டர் தூரம் கூடவே கீழே இறங்கி மெல்ல நிறுத்தினால் 10 மடங்குதான். கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறீர்களே, அதே தந்திரம்! வைக்கோல் போரில் விழுந்தால் அடி குறைவதும் இதனால்தான்.

1973-ல் வந்த ஒரு ஸ்பைடர்மேன் கதையில், பாலத்திலிருந்து விழும் தன் தோழியை அவர் வலை வீசிப் பிடிப்பார். ஆனால் அவள் பிழைக்க மாட்டாள். வலை அவளைச் சட்டென்று நிறுத்தியதுதான் காரணம். ஹீரோவுக்குச் சக்தி இருந்தது. நிறுத்தும் தூரம் இல்லை. காமிக்ஸ் உலகத்தையே உலுக்கிய கதை அது.

சக்தியே இல்லாத சூப்பர் ஹீரோ!

இப்போது ஒரு ஆச்சரியம். 1936-ல் லீ ஃபாக் உருவாக்கிய வேதாளரைத் தெரியும்தானே? முகமூடி, மண்டை ஓட்டு மோதிரம், டெங்காலி காடு! அவர் 400 ஆண்டுகளாகச் சாகாமல் வாழ்கிறார் என்று எதிரிகள் நம்புவார்கள். உண்மையில் அப்பாவுக்குப் பின் மகன், அவருக்குப் பின் அவர் மகன் என்று அதே முகமூடியை மாட்டிக்கொள்கிறார்கள். நாம் படிப்பது 21-வது வேதாளரின் கதை!

பறக்கவும் மாட்டார், மறையவும் மாட்டார். உடற்பயிற்சி, தைரியம், 'அவர் சாக மாட்டார்' என்ற பயம், இந்த மூன்றுதான் அவர் ஆயுதம். நம் நடுவர் இவருக்கு ஒரு தடவைகூட விசில் ஊத மாட்டார்!

எச்சரிக்கை மணி!

இவ்வளவு நேரம் சிரித்தோம். இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

1997-ல் தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடர் ஆரம்பமானது. கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு அவர் செல்லம். ஆனால், சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிச் சில குழந்தைகள் ஆபத்தான காரியங்களில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே, யாரும் இப்படிச் செய்யக்கூடாது என்று குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

மாயாவிக்கு மின்சாரம் சக்தி கொடுப்பது தாளில் மட்டும்தான். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு இதயம் வழியாகப் பாய்ந்தாலே உயிர் போகலாம். ஈரக் கை, ஈரத் தரை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். எனவே பம்ப்செட் மோட்டார், தொங்கும் ஒயர், அறுந்து கிடக்கும் கம்பி எதையும் தொடாதீர்கள். வயலைச் சுற்றிய கம்பி வேலியையும் தொட்டுப் பார்க்க வேண்டாம். காட்டு விலங்குகளைத் தடுக்கச் சிலர் சட்டத்துக்கு விரோதமாக அதில் மின்சாரம் பாய்ச்சிவிடுகிறார்கள். யானைகளும் மனிதர்களும் அதில் இறந்திருக்கிறார்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் அடித்தவரைக் காப்பாற்ற இரும்புக் கை வேண்டாம். இந்த விவரம் தெரிந்தால் போதும்.

நீங்களே ஒரு ஹீரோவைப் படைக்கலாம்!

ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் ஹீரோவை வரையுங்கள். பிறகு இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.

1. அவருடைய சக்தி என்ன? ஒன்றே ஒன்று போதும்.

2. அந்தச் சக்திக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? மின்சாரமா, வெயிலா, இட்லியா?

3. எவ்வளவு நேரம் நிற்கும்?

4. அவரால் முடியாத காரியம் எது?

5. அந்த முடியாத காரியம் குறுக்கே வரும்போது, என்ன மூளையைப் பயன்படுத்தி ஜெயிப்பார்?

ஐந்தாவது கேள்விக்கான பதில்தான் உங்கள் கதை!

முதலில் கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறதே? மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? 1965-ல் இங்கிலாந்தின் 'லயன்' இதழில் பிறந்து, பின்னர் தமிழில் 'லயன் காமிக்ஸ்' வழியாக வந்தவர் ஸ்பைடர். கையில் வலைத் துப்பாக்கி, முதுகில் பறக்கும் கருவி. கரண்ட் இருக்கும் ஊரென்றால் ஸ்பைடருக்கு எங்கே சுடுவது என்று தெரியாது. மாயாவி பக்கம் சாயலாம். ஆனால் அந்தரத்தில் தெரியும் கையைக் குறி பார்த்து வலை வீச ஸ்பைடருக்குத் தோன்றிவிட்டால்? ஆட்டம் தலைகீழ்! அடுத்தவருடைய நிபந்தனையை யார் முதலில் கண்டுபிடிக்கிறாரோ, வெற்றி அவருக்கே.

கடைசியாக ஒரு புதிர்: பலே பாண்டி எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டார். ஆனால் எடை மட்டும் அதே 60 கிலோ. வாழை இலையில் ஏறி நடந்தால் என்ன ஆகும்? எடையும் சேர்ந்து குறைந்துவிட்டால், அவர் குத்து எப்படி இருக்கும்?

விடை: 60 கிலோவும் எறும்புப் பாதத்தில் இறங்குவதால், ஊசி குத்தியதுபோல இலையைத் துளைத்துக் கீழே போய்விடுவார். எடையும் குறைந்துவிட்டால், அவர் குத்துவது வில்லனுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் இருக்கும்!